ஆன் ஹாத்வேயின் பண்ணை வீடு: ஓலையுமில்லை, ஓடுமில்லை, பின்னே என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ராட்ஃபோர்ட்-அப்பான்-ஏவனுக்கு வருகிற நம்மவர்கள் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்த கையோடு, பக்கத்து ஷாட்டரியில் இருக்கும் ஆன் ஹாத்வேயின் வீட்டுக்கும் போய் வருகிறார்கள். வந்தபின் கேட்பது ஷேக்ஸ்பியரைப் பற்றி அல்ல, பெரும்பாலும் அந்தக் கூரையையும் சுவரையும் பற்றித்தான். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வந்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது ஷேக்ஸ்பியர் வீடா, அவர் மனைவி வீடா?

மனைவி ஆன் ஹாத்வேயின் பிறந்த வீடு. 1582-ல் அவர்கள் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளைக்கு 18 வயது, பெண்ணுக்கு 26. ஆனின் தாத்தா ஜான் ஹாத்வே 1543-லேயே இந்தப் பண்ணையைக் குத்தகைக்கு வைத்திருந்தார். 1610-ல் ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ அதைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலும் அங்கேயே குடியிருந்தார்கள். 1892-ல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வீட்டை வாங்கியது. இன்று பராமரிப்பதும் அவர்கள்தான்.

குடிசைன்னு சொன்னாங்க. உள்ளே போனா அறை அறையா போய்க்கிட்டே இருக்கே?

குடிசை அல்ல, வசதியான விவசாயியின் பண்ணை வீடு. 12 அறைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இதைச் சேர்ந்த நிலம் 90 ஏக்கருக்கு மேல். ஆட்டுப் பட்டி, விளைநிலம், பழத்தோட்டம் எல்லாம் இருந்த இடம்.

ஆனால் ஒரே மூச்சில் கட்டியதல்ல. 1463-ல் கட்டியபோது சில அறைகளே இருந்தன. தாழ்ந்து கிடக்கும் பகுதிதான் பழையது. உயரமாக எழும்பி நிற்கும் பகுதி 17-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. வெளியே தோட்டத்தில் நின்று கூரை முகட்டைப் பார்த்தாலே எங்கே பழையது முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கூரை மேல இருக்கறது வைக்கோலா, நாணலா?

இங்கிலாந்தில் கூரை வேய மூன்று பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது நீர் நாணல். நார்ஃபோக் பகுதியின் சதுப்பு நிலங்களில் வளர்வது, குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் அறுப்பார்கள். மற்ற இரண்டும் கோதுமைத் தாள்தான், பக்குவம் செய்கிற விதம் வேறு. நீள் வைக்கோல் என்பது கதிரடித்தபின் தண்ணீர் தெளித்து, அடியும் நுனியும் கலந்து கிடக்கும்படி கையால் உருவிக் கட்டுவது. சீவிய கோதுமைத் தாள் என்பது இயந்திரத்தில் சீவி, அடிப்பக்கம் எல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி வேய்வது. டெவன் பக்கம் இதுதான் அதிகம்.

தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். நாணல் கூரை விறைப்பாக, ஓரங்கள் கூர்மையாக இருக்கும். நீள் வைக்கோல் கூரை மேலெல்லாம் கொஞ்சம் கலைந்தாற்போல் மெத்தென்று இருக்கும். அதன் இறவாரத்திலும் பக்கவாட்டு ஓரங்களிலும் பிளந்த குச்சிகளை வெளியே தெரியும்படி வரிசையாகப் பதித்திருப்பார்கள். சீவிய தாள் கூரை முதல் பார்வைக்கு நாணல் போலவே தோன்றி ஏமாற்றும்.

மழை நாடாச்சே, ஒழுகாதா?

ஒழுகாது. காரணம் சாய்வு. கூரையின் சரிவு குறைந்தது 45 பாகை, பல வீடுகளில் 50 பாகை. விழுகிற துளி ஒரு தண்டின் நுனியிலிருந்து அடுத்த தண்டின் நுனிக்குத் தாவித் தாவி இறங்கிவிடும். உள்ளே போக அதற்கு நேரமே இல்லை. சுமார் 30 சென்டிமீட்டர் கனத்தில், மேலே சில சென்டிமீட்டர்தான் நனையும். அடியில் எத்தனை குளிர்காலம் போனாலும் உலர்ந்தே இருக்கும். சரிவு தளர்வாக உள்ள இடத்தில், உதாரணமாக மாடி ஜன்னலுக்கு மேல் புருவம் போல வளையும் இடத்தில், முதலில் மட்கத் தொடங்கும்.

இந்த வீடுகளில் பெரும்பாலும் மழைநீர்க் குழாய் கிடையாது. அதற்குப் பதில் இறவாரம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு நிற்கும். தண்ணீர் சுவரில் படாமல் தள்ளிப் போய் விழும். மண் சுவருக்கு அந்த நீட்டம்தான் காவல்.

ஆணி அடிச்சா நிக்க வச்சிருக்காங்க? காத்துல பறக்காதா?

ஹேசல் மரக் குச்சிதான் முக்கியம். சுமார் 60 சென்டிமீட்டர் நீளக் குச்சியைப் பிளந்து, இரண்டு முனையையும் கூராக்கி, நடுவில் முறுக்கி மடக்கினால் கொண்டை ஊசி மாதிரி ஆகும். கட்டுகளின் மேல் குறுக்காக ஒரு நீளக் குச்சியை வைத்து, இந்த ஊசிகளை அடியிலிருக்கும் பழைய தாளுக்குள் அழுத்திக் குத்துவார்கள். மடக்கிய மரம் விரியப் பார்க்கும், அந்த விசையே பிடித்துக்கொள்ளும். முதல் அடுக்கைக் கைமரத்தோடு, அதாவது கூரையைத் தாங்கும் சாய்மரத்தோடு, சேர்த்துக் கட்டுவார்கள், அல்லது இரும்புக் கொக்கியால் பிடிப்பார்கள். அடுத்தடுத்த வரிசை முந்திய வரிசையின் கட்டை மறைத்துக்கொண்டே மேலேறும். கடைசியில் முகடு.

முகட்டுக்குத்தான் ஆயுள் குறைவு. 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை முகட்டை மட்டும் புதிதாக வேய வேண்டும். வைக்கோல் கூரைகள் மேல் கம்பிவலை போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றுக்காக அல்ல, பறவைகள் தாளை உருவாமல் இருக்க.

சுவர் செங்கல்லா? ஏன் மரக் கட்டம் கட்டமா தெரியுது?

வீட்டைத் தாங்குவது சுவர் அல்ல, ஓக் மரச் சட்டகம். அடியில் ஈரம் ஏறாமலிருக்கத் தாழ்வான கல் அடித்தளம். அதன் மேல் கிடைமரம், கிடைமரத்தில் தூண்கள், தூண்களைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள். கட்டங்களுக்குள் முதலில் ஓக் குச்சிகளை நிறுத்தி, அவற்றில் ஹேசல் குச்சிகளைப் பின்னிப் படல் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் கலந்து அப்பி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாணம் என்றதும் நம்மவர்களுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. ஆமாம், அதே சாணம்தான். பிற்காலத்தில் பல வீடுகளில் படல் விழுந்த இடங்களைச் செங்கல்லால் அடைத்தார்கள்.

சட்டகத்தில் இரும்பு ஆணி கிடையாது. ஒரு மரத்தின் கழுந்து இன்னொன்றின் துளைக்குள் போகும். இரண்டையும் ஊடுருவி ஓக் மரத்தில் செதுக்கிய முளைக் குச்சியை அடிப்பார்கள். இரண்டு துளைகளையும் வேண்டுமென்றே இம்மி விலக்கித் துளைத்திருப்பார்கள். முளை இறங்கும்போது மூட்டை இழுத்து இறுக்கிவிடும். தச்சர் தன் பட்டறை முற்றத்திலேயே முழுச் சட்டகத்தையும் தரையில் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோம எண்ணைக் கீறிவிட்டு, பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மனையில் எழுப்புவார். அந்தக் கீறல்களைப் பல பழைய வீடுகளில் இன்றும் காணலாம். எனக்கு இந்தக் கட்டடக் கலையில் மிகப் பிடித்தது இதுதான்.

மாடியில வில்லு மாதிரி வளைஞ்ச ரெண்டு பெரிய மரம் இருக்கே, அது என்ன?

அதுதான் இந்த வீட்டின் ஆதி. க்ரக் என்பார்கள். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரே வளைவுள்ள ஜோடி கிடைக்கும். அடியை விலக்கி, நுனியைச் சேர்த்து நிறுத்தினால், தரையருகிலிருந்து முகடு வரை ஒரே மரமாகப் போகும். கூரையின் பாரம் முழுவதும் அதன் வழியே கீழே இறங்கும். இப்படி ஜோடி ஜோடியாக நிறுத்தி முகட்டு மரத்தையும் பக்கவாட்டு மரங்களையும் ஏற்றினால் வீடு நின்றுவிட்டது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் வடக்கிலும் இந்த முறை பரவலாக இருக்கிறது. கிழக்கு ஆங்கிலியாவிலும் தென்கிழக்கிலும் அநேகமாக இல்லை. ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இந்த வீட்டுக்குப் போனால் கட்டில், பெஞ்சு என்று சாமான்களிலேயே நேரம் போய்விடும். தயவுசெய்து மாடி ஏறி இந்த மரங்களின் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

1463-ல கட்டினதுன்னு எப்படி இவ்வளவு சரியா சொல்றாங்க? பத்திரம் இருக்கா?

பத்திரத்தால் அல்ல, மரத்தின் ஆண்டு வளையங்களால். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் குறுகல். ஒரு வட்டாரத்தின் மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையைக் காட்டும். வீட்டு மரத்திலிருந்து மெல்லிய துண்டு துளைத்தெடுத்து, காலம் தெரிந்த வரிசையோடு ஒப்பிடுவார்கள். மரப்பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையமும் மிஞ்சியிருந்தால், வெட்டிய ஆண்டே கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் ஓக்கைப் பச்சையாகவே இழைத்து எழுப்பினார்கள் என்பதால், வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும்.

புகைபோக்கி பிறகுதான் வந்துச்சாமே. அதுவரைக்கும் எப்படி சமைச்சாங்க?

நடுக்கூடத்தின் தரையில் அடுப்பு, மேலே கூரை வரை திறந்த வெளி. இடையில் மாடி கிடையாது. புகை மேலே எழும்பி, கூரையடியில் தங்கி, தாளின் இடுக்கு வழியாகவும் முகட்டுத் திறப்பு வழியாகவும் மெல்ல வெளியேறும். ஜன்னலில் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகளும் மூடு பலகையும்தான். வீடு புகைமண்டித்தான் இருந்தது. ஆனால் அந்தப் புகை பூச்சிகளையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் கூரைக்கு ஒரு நன்மையும் செய்தது.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பண்ணை வீடுகளில் இது மாறியது. கல்லாலும் செங்கல்லாலும் புகைபோக்கி எழுப்பி அடுப்பைச் சுவரோரம் தள்ளினார்கள். புகை ஒழிந்ததும் கூடத்துக்கு நடுவே விட்டம் போட்டு மாடி அமைத்தார்கள். 1570-களில் எஸ்ஸெக்ஸ் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், தன் ஊர்ப் பெரியவர்கள் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றங்களில் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொன்னார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஷாட்டரி வீட்டிலும் அதே கதைதான். க்ரக் மரங்களை மாடியில் பார்க்கிறோம் என்றால், அவற்றின் நடுவே பின்னாளில் தளம் போட்டதால்தான். நடுப் புகைபோக்கியில் ‘ஐ எச் 1697’ என்று பொறித்த கல் உண்டு. அந்த ஆண்டு அதைச் சீர்படுத்திய ஜான் ஹாத்வேயின் குறி அது. சமையலறையில் ரொட்டி சுடும் அடுப்பும் இருக்கிறது.

எல்லாமே கோணல் மாணலா இருக்கே. விழுந்துடாதா?

பச்சை ஓக் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், முறுக்கும். வீடு எழுப்பிய முதல் சில பத்தாண்டுகளிலேயே பெரும்பாலான கோணல் வந்துவிட்டது. முளை அடித்த மூட்டுகள் அந்த அசைவுக்கு இடம் கொடுத்து, பிறகு இறுகிவிட்டன. காய்ந்த ஓக் இரும்பாக இறுகிவிடும், உளியே சறுக்கும். தரை சாய்ந்திருப்பது ஆபத்தின் அறிகுறி அல்ல. கிடைமரம் மட்குவதும் மூட்டு பிரிவதும்தான் ஆபத்து.

பழைய கப்பலை உடைச்ச மரம்னு ஒரு வழிகாட்டி சொன்னாரே?

பல ஊர்களில் சொல்கிறார்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் இந்த வார்விக்ஷயர் மாவட்டத்திலும் சொல்கிறார்கள். மரத்தில் பொருந்தாத துளைகளும் வெட்டுகளும் இருப்பதைப் பார்த்து எழுந்த கதை அது. உண்மையில் அவை எடுத்துவிட்ட பழைய சட்டங்களின் தடம், அல்லது வேறொரு வீட்டில் இருந்த மரத்தை மறுபடி பயன்படுத்தியதன் அடையாளம். பக்கத்திலேயே ஓக் காடு இருக்கும்போது, காய்ந்து இறுகி, உப்பேறிய கப்பல் மரத்தை ஏன் சுமந்து வரவேண்டும்?

மரத்துக்குக் கறுப்பு, சுவருக்கு வெள்ளை: அப்போவே இப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. வண்ணம் பூசாத ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். சுவரின் சுண்ணாம்பு அந்தந்த ஊர் மண்ணின் சாயலோடு இருக்கும். பல இடங்களில் மரத்தின் மேலேயும் சேர்த்தே அடித்துவிடுவார்கள். பளிச்சென்ற கறுப்பு வெள்ளை மோகம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பெருவாரியாகப் பரவியது.

550 வருஷ வீடுன்னா கூரையும் அவ்வளவு பழசா?

மேல்பரப்பு அல்ல. நாணல் சுமார் 40 ஆண்டுகளோ அதற்கு மேலோ தாங்கும். சீவிய தாள் 25 முதல் 35, நீள் வைக்கோல் 15 முதல் 25 ஆண்டுகள். சரிவு, மரநிழல், வேய்பவரின் கைத்திறன் எல்லாம் பொறுத்து இது கூடும், குறையும்.

ஆனால் இங்கேதான் ஒரு அருமையான சங்கதி. வைக்கோல் கூரையைப் புதுப்பிக்கும்போது முழுக்க உரிப்பதில்லை. மட்கிய மேல்பகுதியை மட்டும் நீக்கி, நல்ல பழைய அடுக்கின் மேலேயே புதிய அடுக்கைக் குத்துவார்கள். இப்படிச் சேர்ந்து சேர்ந்து சில கூரைகள் ஒரு மீட்டருக்கு மேல் கனத்திருக்கின்றன. அடியில் கைமரத்தை ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு சில வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன திறந்த அடுப்பின் புகை படிந்து கன்னங்கரேல் என்று. டெவனிலும் தெற்கு இங்கிலாந்தின் மற்ற பகுதிகளிலுமாக இப்படிச் சுமார் 200 கட்டடங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அந்தக் கரிந்த தாளில் இடைக்கால விவசாயி விதைத்த கோதுமை, ரை என்ற தானியம், வயலில் முளைத்த களை, அவற்றின் கதிரும் விதையும் எல்லாம் உருக்குலையாமல் இருக்கின்றன. 500 ஆண்டுக்கு முந்தைய வயலைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. கூரையை வெறும் மேல்மூடி என்று நினைத்து வாரிக் குப்பையில் போட்டால் அத்தனையும் போச்சு.

தீப்பிடிச்சா என்ன பண்ணுவாங்க? இதுதான் எனக்குப் பெரிய பயமே.

பயம் நியாயமானது. 1212-ல் பெருந்தீக்குப் பிறகு லண்டன் நகரம் புதிய தாள் கூரைகளுக்குத் தடை போட்டது. ஸ்ட்ராட்ஃபோர்ட் 1594, 1595, 1614 என மூன்று முறை பெரிய தீ விபத்துகளைக் கண்டது. ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு 1613 ஜூன் 29-ஆம் தேதி, நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி தாள் கூரையில் விழுந்து எரிந்துபோனது. மறுபடி கட்டியபோது ஓடு போட்டார்கள். 1997-ல் திறந்த இன்றைய குளோப்புக்குத் தாள் கூரை போட அனுமதி கிடைத்தது, தீயணைப்புத் தெளிப்பான்கள் உள்படப் பல ஏற்பாடுகளைச் செய்தபின்தான். நம் ஷாட்டரி வீடும் 1969-ல் தீயில் மோசமாகச் சேதமடைந்து, சீரமைக்கப்பட்டது.

பலரும் நினைப்பது போல வெளியே தீக்குச்சி விழுந்தவுடன் பற்றிக்கொள்ளாது. இறுக்கிக் கட்டிய தாளுக்குள் காற்று குறைவு. இன்றைய தீ விபத்துகளில் பெரும்பாலானவை புகைபோக்கியோடு தொடர்புடையவை, குறிப்பாக விறகு அடுப்புகளோடு. பழைய அகலமான திறந்த அடுப்பில் வெப்பம் பரவி ஆறிவிடும். மூடிய இரும்பு அடுப்பின் புகைக்குழாய் மிகச் சூடாகும், பொறிகளையும் மேலே தள்ளும். அடுக்கு மேல் அடுக்காகக் கனத்த கூரையில் புகைபோக்கியின் உயரம் குறைந்தும் போயிருக்கும். அதனால்தான் முகட்டுக்கு மேல் குறைந்தது 1.8 மீட்டர் புகைபோக்கி எழும்ப வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள்.

பற்றிவிட்டால் அணைப்பது கடினம். மழையைத் தள்ளிவிடும் கூரை தீயணைப்பாளரின் தண்ணீரையும் தள்ளிவிடும், உள்ளே நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். எனவே எரியாத பகுதியில் ஒரு பட்டையைக் கைமரம் வரை வெட்டி எடுத்து, தீ தாண்டாமல் தடுப்பார்கள். முன்காலத்தில் இதற்கென்றே நீண்ட கொக்கிகளை ஊரில் மாட்டி வைத்திருந்தார்கள்.

இந்தக் காலத்து அறுவடை இயந்திரம் வைக்கோலை நொறுக்கிடுமே, இவங்களுக்கு எங்கிருந்து கிடைக்குது?

நல்ல கேள்வி. குட்டைத் தண்டுக் கோதுமை, அதிக நைட்ரஜன் உரம், அறுத்தடிக்கும் இயந்திரம் மூன்றும் சேர்ந்து கூரைத் தாளை ஒழித்துவிடப் பார்த்தன. உரம் அதிகமானால் தண்டு உயரும், உறுதி போகும். ஆகவே கூரைக்கென்றே சில விவசாயிகள் பழைய நெட்டை ரகங்களைப் பயிரிடுகிறார்கள். 1960-களில் வந்த மாரிஸ் விட்ஜியன் அவற்றில் பெயர்பெற்றது. பழைய கட்டுக்கட்டும் இயந்திரத்தால் அறுத்து, வயலிலேயே கட்டுகளாக நிறுத்திக் காயவைக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் மழை பிடித்தால் அந்த ஆண்டு முழுக்கத் தாளுக்குத் தட்டுப்பாடுதான்.

நம்ம ஊர்ல கூரை வீட்டுக்காரர் காசு வந்ததும் மாத்திடுவார். இங்கே பணக்காரங்க தேடி வாங்கறாங்களே?

இங்கேயும் ஒரு காலத்தில் அதேதான். 19-ஆம் நூற்றாண்டில் கால்வாயும் ரயிலும் வேல்ஸின் கூரைக் கற்பலகைகளை மலிவாக ஊர் ஊராகக் கொண்டுவந்தன. முடிந்தவர்கள் மாறினார்கள், தாள் கூரை ஏழ்மையின் அடையாளமாக நின்றது. 20-ஆம் நூற்றாண்டில் நகரவாசிகள் கிராமத்துப் பழைய வீடுகளை விரும்பி வாங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. வேய்பவர்கள் குறைவு, கூலி அதிகம், காப்பீடும் அதிகம். வசதியில்லாதவர் வைத்துக்கொள்ள முடியாத கூரையாகிவிட்டது.

இப்படி ஒரு வீட்டை வாங்கினா ஓடு போட்டுக்கலாமா? சுவருக்கு சிமெண்ட் பூசலாமா?

பட்டியலிட்ட கட்டடமாக, அதாவது சட்டப் பாதுகாப்புள்ள பாரம்பரியக் கட்டடமாக, இருந்தால் உள்ளூராட்சியின் சம்மதம் இல்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்றம். ஷாட்டரி வீடு உச்சமான முதல் தரப் பட்டியலில் இருக்கிறது. சாதாரணப் பண்ணை வீடுகள் பலவும் இரண்டாம் தரத்தில் இருக்கும்.

சிமெண்ட் விஷயத்தில் சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு விரிசல் வழியே நீரை உள்ளே விட்டுவிட்டு, வெளியே போகவிடாமல் அடைத்துக்கொள்ளும். ஓக் சட்டம் உள்ளுக்குள் மட்கிப்போகும். 400 ஆண்டு தாங்கிய கிடைமரங்கள் சில பத்தாண்டு சிமெண்ட்டில் பொடியாகியிருக்கின்றன.

நாணல்தான் ரொம்ப நாள் வருமே. வைக்கோலை எடுத்துட்டு நாணலே போட்டா என்ன தப்பு?

வீட்டுக்காரர் கணக்குப்படி தப்பே இல்லை. மேலே சொன்ன ஆயுளைப் பார்த்தால் நாணல்தான் லாபம். ஆனால் நாணல் போடும்போது பெரும்பாலும் பழையதைக் கைமரம் வரை உரித்துவிடுகிறார்கள். அந்தப் புகைபடிந்த அடுக்கு இருந்தால், ஒரே நாளில் போய்விடும். அதோடு நாணல் கூரைக்கு விளிம்பும் முகடும் வேறு மாதிரி அமையும், ஒரு ஊரின் முகமே மாறும். இங்கிலாந்தில் பயன்படும் நாணலில் பெரும்பகுதி துருக்கி, கிழக்கு ஐரோப்பா, சீனா என்று வெளிநாட்டிலிருந்து வருவது.

ஆகவே வைக்கோல் மரபுள்ள வட்டாரத்தில் வைக்கோலையே போடச் சொல்லி அதிகாரிகள் வற்புறுத்துகிறார்கள். அதே தரமான தாள் ஒவ்வோர் ஆண்டும் கிடைப்பதில்லை என்று வேய்பவர்கள் சிலர் மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என் பக்கம் வைக்கோல்தான். வாங்கப்போகிறவர் யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவே: வேய்பவரை அழைக்கும் முன், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறி, கைமரங்களும் அவற்றை ஒட்டிய தாளும் கரிபடிந்து கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கறுத்திருந்தால், அந்த அடுக்கைத் தொடாமல் மேலே மட்டும் வேய்ந்து தருவாரா என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு விலை கேளுங்கள்.